42 எப்படி 3 ஆனது?

1920-இல் சீவல் ரைட் என்ற மரபியலாளர் கினிப் பன்றிகளின் தோலைப் பற்றி ஒரு சிறிய கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு வயது முப்பது. வாஷிங்டனில், அமெரிக்க வேளாண்மைத் துறையின் கால்நடைப் பிரிவில் வேலை. அவர் வளர்த்த கினிப் பன்றிகளின் உடம்பில் வெள்ளையும் நிறமும் திட்டுத் திட்டாகக் கலந்திருக்கும். ஒன்றுக்கு வெள்ளை அதிகம், கூடப் பிறந்ததற்குக் குறைவு. இந்த வித்தியாசத்தில் பரம்பரையின் பங்கு எவ்வளவு, கருவில் வளரும்போது தற்செயலாக நேர்வதன் பங்கு எவ்வளவு? கேள்வி இவ்வளவுதான்.

ரைட்டுக்கு இரண்டு பதில் கிடைத்தது. குடும்பம் பார்க்காமல் கலந்து இணைசேர்த்த கூட்டத்தில் பரம்பரையின் பங்கு 42 சதவீதம். இருபது தலைமுறையாக உடன்பிறந்தவற்றையே இணைசேர்த்து வளர்த்த ஒரு குடும்பத்தில் வெறும் 3 சதவீதம்.

அப்போ இரண்டாவது குடும்பத்தில் மரபணு வேலை செய்வதை நிறுத்திவிட்டதா? இல்லை. நிறம் எங்கே வர வேண்டும், எங்கே வரக் கூடாது என்பதில் மரபணுவின் கை அங்கேயும் அதே அளவுக்கு இருக்கிறது. மாறியது வேறு. இருபது தலைமுறை நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்த்ததால் அந்தக் குடும்பத்தில் எல்லாப் பன்றிக்கும் ஏறக்குறைய ஒரே மரபணுத் தொகுப்பு. எல்லோரிடமும் ஒரே மாதிரி இருக்கும் ஒன்றால் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தை விளக்க முடியாது. காரணத்தின் பலம் அப்படியே இருக்க, அதன் பரவல் சுருங்கியது. எண் 42-இலிருந்து 3-க்கு விழுந்தது.

இன்றைக்கு உளவியல், சமூகவியல், மேலாண்மை என்று எந்த ஆய்விதழைத் திறந்தாலும் வட்டங்களும் அம்புக்குறிகளும் கொண்ட ஒரு படம் இருக்கும். அம்புக்குறி மேலே 0.42, 0.17 என்று எண்கள். அந்தப் படங்களுக்கெல்லாம் மூதாதை ரைட்டின் கினிப் பன்றிகள்தான். அந்த எண்களை எப்படி வாசிக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் அதே முதல் கட்டுரையில், 42, 3 என்ற வடிவத்தில் இருந்தது. அடுத்த நூறு வருடத்தில் அது திரும்பத் திரும்ப மறக்கப்பட்டது, திரும்பத் திரும்ப யாராவது வந்து நினைவுபடுத்தினார்கள்.

*

ரைட் செய்தது என்ன? எது எதற்குக் காரணம் என்று நாம் நினைக்கிறோமோ, அதை முதலில் அம்புக்குறிகளாக வரைந்துகொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு அம்புக்கும் ஒரு எண், ஒரு கெழு. அதற்குப் பாதைக் கெழு என்று பெயர்.

ஆனால் படத்தில் ஒரு மாறி கிராமில் இருக்கும், இன்னொன்று நாட்களில், மூன்றாவது சதவீதத்தில். எப்படி ஒப்பிடுவது? ரைட் அலகுகளையே தூக்கிவிட்டார். ஒரு கூட்டத்தில் உள்ளவர்கள் சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதுதான் திட்ட விலக்கம். ஒவ்வொரு மாறியையும் அதனதன் திட்ட விலக்கத்தால் வகுத்துவிட்டால் கிராமும் போச்சு, நாளும் போச்சு. இப்போது கேள்வி இப்படி ஆகிறது: காரணம் ஒரு திட்ட விலக்கம் நகர்ந்தால், விளைவு எத்தனை திட்ட விலக்கம் நகரும்? இதுதான் தரப்படுத்திய கெழு. காரணங்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் இருந்தால், இந்தக் கெழுவின் வர்க்கமே அந்தக் காரணத்தின் ‘பங்கு’. 42 சதவீதம் வந்தது அப்படித்தான்.

இதில் ஓர் அழகு உண்டு. 1921-இல் ஒட்டுறவையும் காரணத்தையும் பற்றி எழுதிய கட்டுரையில் ரைட் முறையை முழுசாக விளக்கினார். இரண்டு மாறிகளுக்கு இடையிலான ஒட்டுறவு வேண்டுமா? படத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழிகளை எடு. ஒவ்வொரு வழியிலும் வரும் கெழுக்களைப் பெருக்கு. கடைசியில் எல்லாவற்றையும் கூட்டு. அவ்வளவுதான் கணக்கு. அலகுகளை வைத்துக்கொண்டிருந்தால் இந்தச் சுத்தம் கிடைக்காது. கால்குலேட்டர்கூடக் கையில் இல்லாத காலத்தில் இது சாதாரண லாபம் இல்லை.

உடனே எதிர்ப்பும் வந்தது. ஒட்டுறவைத் தாண்டிக் காரணம் என்று தனியாக ஒன்று கிடையாது என்பது கார்ல் பியர்சன் வழியினரின் கொள்கை. அந்தப் பக்கத்திலிருந்து ஹென்றி நைல்ஸ் 1922-இல் ‘ஜெனிடிக்ஸ்’ இதழில் தாக்கினார். 1923-இல் அதே இதழில் ரைட் பதில் சொன்னார்: என் முறை காரணத்தைக் கண்டுபிடித்துத் தராது, காரணம் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத் தரவோடு சேர்த்துக் கணக்குப் போட உதவும். அந்தச் சண்டை முழுக்கக் காரணம் என்ற சொல்லைச் சுற்றியே நடந்தது. அலகைத் தூக்கி எறிந்ததில் என்ன போனது என்று அப்போது பெரிதாக யாரும் கேட்கவில்லை.

இன்னொரு ரைட் வேறு பாதையில் போனார். சீவலின் அப்பா பிலிப் ரைட், பொருளாதார ஆசிரியர். 1928-இல் விலங்கு, தாவர எண்ணெய்கள் மீதான இறக்குமதி வரி பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதன் இரண்டாம் பின்னிணைப்பில் மகனின் பாதை முறையும் வருகிறது. ஆனால் அவருக்கு வேண்டியிருந்த விடை வேறு வகை: விலை 1 சதவீதம் ஏறினால் வாங்கும் அளவு எத்தனை சதவீதம் இறங்கும்? இதற்கும் அலகு கிடையாதுதான். ஆனால் இந்தச் சதவீதம் அந்தந்தப் பொருளின் சொந்த விலையிலிருந்தும் அளவிலிருந்தும் வருகிறது. சுற்றி உள்ள கூட்டம் எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்பதைக் கடன் வாங்கவில்லை. அலகை விடுவதற்கு இரண்டு வழி உண்டு என்பது அப்பாவையும் மகனையும் பக்கத்தில் வைத்தால் தெரியும்.

*

இந்தக் கடனைப் புரிந்துகொள்ள ஓர் ஆட்டோ மீட்டர் போதும். கற்பனையாக வைத்துக்கொள்வோம்: கிலோமீட்டருக்கு 15 ரூபாய், வெயிட்டிங் நிமிடத்துக்கு ஒன்றரை ரூபாய். எல்லா ஊரிலும் அதே மீட்டர், அதே விதி.

முதல் ஊரில் டிராஃபிக் கிடையாது. சவாரி தூரத்தின் திட்ட விலக்கம் 1 கிலோமீட்டர், வெயிட்டிங்கின் திட்ட விலக்கம் 2 நிமிடம். ரூபாயில் சொன்னால் தூரத்தால் வரும் ஏற்ற இறக்கம் 15, வெயிட்டிங்கால் 3. இரண்டுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை என்றால் தரப்படுத்திய கெழு தூரத்துக்கு 0.98, வெயிட்டிங்குக்கு 0.20. ‘கட்டணத்தைத் தீர்மானிப்பது தூரம்தான், வெயிட்டிங் ஒரு விஷயமே இல்லை’ என்று ஆய்வாளர் எழுதுவார்.

இரண்டாவது ஊரில் சிக்னலுக்குச் சிக்னல் நெரிசல். தூரத்தின் பரவல் அதேதான், வெயிட்டிங்கின் திட்ட விலக்கம் மட்டும் 20 நிமிடம். இப்போது தூரத்துக்கு 0.45, வெயிட்டிங்குக்கு 0.89. ‘முக்கியக் காரணம் வெயிட்டிங்’ என்று கட்டுரை வரும்.

மீட்டரைத் திறந்து பார்த்தால் உள்ளே 15-உம் ஒன்றரையும் அப்படியே இருக்கும். மாறியது சாலை. ரைட்டின் 42-உம் 3-உம் இதே கதைதான்.

ஆட்டோ கட்டணத்தில் இந்தக் குழப்பம் வந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. குழந்தைகள் விஷயத்தில் வந்தால்?

1928-இல் ஸ்டான்ஃபோர்டில் பார்பரா பர்க்ஸ் என்ற இளம் உளவியலாளர் வளர்ப்புக் குழந்தைகளைப் பற்றிய தன் ஆய்வை வெளியிட்டார். ஒரு வயதுக்குள் வேறு வீட்டுக்குப் போன 214 குழந்தைகள். ஒப்பிடச் சொந்தப் பெற்றோரிடம் வளரும் 105 குழந்தைகள். பாதைக் கெழுவை மனிதர்கள் மீது முதலில் பயன்படுத்தியவர்களில் ஒருவர் அவர். வந்த விடை: ஐ.க்யூ. வித்தியாசத்தில் வீட்டுச் சூழலின் பங்கு சுமார் 17 சதவீதம்.

17 சதவீதம் என்று கேட்டதும் என்ன தோன்றுகிறது? ‘சூழலால் பெரிசா எதுவும் ஆகாது, எல்லாம் பிறவியிலேயே.’ அந்தக் காலத்து அமெரிக்காவில் யார் பிள்ளை பெறலாம், யாருக்குக் கட்டாயக் கருத்தடை என்று சட்டங்கள் இருந்தன. 1927-இல் உச்ச நீதிமன்றமே அதை அனுமதித்திருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் இந்த மாதிரி ஓர் எண் வெறும் எண்ணாக இருக்காது.

ஆனால் அதே 17-ஐ அலகோடு திரும்பப் படிக்கலாம். வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 0.41. அதாவது வீட்டுச் சூழல் ஒரு திட்ட விலக்கம் மேலே போனால் ஐ.க்யூ. சுமார் 6 புள்ளி ஏறும். ஆயிரத்தில் ஒன்றாகக் கிடைக்கும் மிகச் சிறந்த வீடு, மூன்று திட்ட விலக்கம் மேலே என்றால், 20 புள்ளிக்குப் பக்கம். பர்க்ஸே இந்தக் கணக்கைச் செய்து, மிக அரிதான வீடுகளில் 20 புள்ளிவரை ஏறலாம் என்று எழுதினார். ‘17 சதவீதம்’ என்று சொன்னால் விட்டுவிடலாம் போலிருக்கும். ‘20 புள்ளி’ என்று சொன்னால் ஒரு பிள்ளை ஸ்கூலில் எந்த வகுப்பில் உட்காரும் என்பதே மாறும். இரண்டும் ஒரே தரவு.

இன்னொன்றும் உண்டு. வளர்ப்புப் பெற்றோர் அமைப்புகளால் சலித்து எடுக்கப்பட்டவர்கள். பட்டினி வீடு, குடிகார வீடு அந்தப் பட்டியலுக்குள் வராது. மோசமான வீடுகளை முதலிலேயே வெளியே நிறுத்திவிட்டால் சூழலின் பரவல் சுருங்கும். பரவல் சுருங்கினால் ‘பங்கு’ம் சுருங்கும். ரைட்டின் அந்த ஒற்றைக் குடும்பத்துக் கினிப் பன்றிகளில் மரபணு பட்ட பாட்டை இங்கே சூழல் படுகிறது.

*

இந்த விஷயத்தை உடைத்துப் பேசியவர் ஜான் டுகி. ‘பிட்’ என்ற சொல்லை உருவாக்கியவர் என்று கணினிக்காரர்களுக்குத் தெரிந்த அதே டுகி. 1954-இல் வெளியான கட்டுரையில் அவர் ரைட்டின் பாதை முறையைப் பாராட்டிவிட்டு, தரப்படுத்துவதை மட்டும் கடுமையாக எதிர்த்தார். தரப்படுத்திய எண் ஒரு கூட்டத்தின் வர்ணனை. அலகோடு உள்ள எண்தான் வேறு கூட்டத்துக்கும் எடுத்துப்போகக் கூடியது என்பது அவர் வாதத்தின் சாரம்.

ரைட் 1960-இல் பதில் எழுதினார். அவருக்கு எழுபது வயது. தரப்படுத்தியதும் தரப்படுத்தாததும் போட்டி அல்ல, ஒரே விஷயத்தின் இரண்டு பார்வை என்றார். இந்தக் கூட்டத்தில் இன்றைக்கு யார் யாரிலிருந்து ஏன் வேறுபடுகிறார்கள் என்று கேட்டால் முதலாவது. இந்தக் காரணத்தைக் கைவைத்து மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டால் இரண்டாவது. நாற்பது வருடம் முன்பு 42-ஐயும் 3-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவருக்கு இது புதிய ஞானம் அல்ல. ஆனால் அந்த இரண்டு கேள்வியையும் பிரித்துக் கேட்கும் பொறுமை அவரைப் பின்பற்றியவர்களில் பலருக்கு இல்லை.

1960-களில் சமூகவியலுக்குப் பாதை முறையைக் கொண்டுவந்தவர் ஓட்டிஸ் டட்லி டங்கன். 1967-இல் பீட்டர் பிளாவும் அவரும் சேர்ந்து எழுதிய அமெரிக்கத் தொழில் அமைப்பு பற்றிய புத்தகம் ஒரு தலைமுறையின் பாடப்புத்தகம் ஆனது. 1962-இல் 20,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் எடுத்த கணக்கெடுப்பு அதன் அடிப்படை. ஒருவர் இப்போது பார்க்கும் தொழிலுக்கு அவர் படிப்பிலிருந்து வரும் அம்பு 0.394, அப்பாவின் தொழிலிலிருந்து நேராக வரும் அம்பு 0.115. ‘படிச்சா போதும், அப்பா யாருன்றது பொருட்டே இல்ல’ என்று படிக்கத் தோன்றும்.

அம்புகளைப் பெருக்கிப் பார்த்தால் கதை அவ்வளவு நேரானது இல்லை. அப்பாவின் தொழில் படிப்பைத் தீர்மானிக்கிறது (0.279), முதல் வேலையைத் தீர்மானிக்கிறது (0.224). படிப்பு முதல் வேலைக்குப் போகிறது (0.440), முதல் வேலை இப்போதைய வேலைக்கு (0.281). சுற்றி வரும் இந்த மூன்று வழிகளையும் கூட்டினால் 0.207. நேர் வழியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்பா கண்ணுக்குத் தெரியாமல் ஸ்கூல் வழியாக வருகிறார்.

ஆனால் இன்னும் முக்கியமான இடம் அடுத்தது. கறுப்பின ஆண்களையும் வெள்ளையின ஆண்களையும் ஒப்பிட வேண்டும் என்றால்? ஒரு சமூகத்தில் அப்பா என்ன வேலை பார்த்தாலும் பிள்ளையைக் கீழ் வேலைக்கே தள்ளினால், அந்தச் சமூகத்துக்குள் அப்பாவின் தொழிலுக்கான கெழு சிறிதாகத்தான் வரும். சின்ன எண்ணைப் பார்த்து ‘இங்கே பரம்பரைத் தடையே இல்லை’ என்று சொன்னால் அதைவிடக் கொடுமை இல்லை.

1968-இல் டங்கன் இந்த ஒப்பீட்டை எழுதும்போது தரப்படுத்திய கெழுக்களை ஒதுக்கிவைத்துவிட்டு அலகோடு கணக்குப் போட்டார். அலகு, 0 முதல் 96 வரை போகும் தொழில் மதிப்பெண். அமெரிக்காவில் பிறந்த, விவசாயம் சாராத குடும்பத்து ஆண்களில் வெள்ளையினரின் சராசரி 43.5, கறுப்பினத்தவரின் சராசரி 19.7. இடைவெளி 23.8 புள்ளி. குடும்பப் பின்னணியைச் சமமாக்கினால் 6.6 புள்ளி குறையும். உடன்பிறந்தோர் எண்ணிக்கைக்கு 0.6. படிப்புக்கு 4.8. எல்லாவற்றையும் சமமாக்கிய பிறகும் 11.8 புள்ளி மீதம். அதே குடும்பம், அதே படிப்பு, ஆனாலும் இவ்வளவு கீழே. ஏழ்மை பரம்பரையாக வருகிறதா, இனம்தான் பரம்பரையாக வருகிறதா என்பது அவருடைய தலைப்புக் கேள்வி. 11.8 தான் விடை. தரப்படுத்திய எண்களால் அந்த விடையைச் சொல்லியிருக்க முடியாது. 1975-இல் எழுதிய பாடநூலில், மாறிகளைத் தரப்படுத்தும் பழக்கத்தையே ஆய்வாளர்கள் விட்டுவிடுவது நல்லது என்கிற அளவுக்கு டங்கன் வந்துவிட்டார்.

*

இதுவரை சொன்னதெல்லாம் அலகு இருந்தும் நாம் தூக்கி எறிந்த மாறிகள். பிறவியிலேயே அலகு இல்லாத மாறி வந்தால்?

1904-இல் சார்லஸ் ஸ்பியர்மன், வெவ்வேறு பாட மதிப்பெண்களுக்குப் பின்னால் பொது அறிவுத்திறன் என்று ஒன்று ஒளிந்திருக்கிறது என்றார். நேரடியாக அளக்க முடியாது. அதன் தடயங்களைத்தான் அளக்க முடியும். இப்படிப்பட்டதைத்தான் லேட்டன்ட் வேரியபிள் என்கிறோம், தமிழில் உள்ளுறை மாறி. மன அழுத்தம், வேலையில் திருப்தி, நம்பிக்கை எல்லாம் இந்த வகை. ஸ்பியர்மனின் உள்ளுறை மாறிகளையும் ரைட்டின் அம்புகளையும் ஒரே மாடலுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஸ்வீடன்காரர் கார்ல் யோரெஸ்காக். 1970-களின் தொடக்கத்தில் வந்த அவருடைய முறையும், டாக் சோர்பமுடன் சேர்ந்து உருவாக்கிய லிஸ்ரல் மென்பொருளும்தான் இன்றைய ஸ்ட்ரக்சுரல் ஈக்வேஷன் மாடல்கள் பரவக் காரணம்.

மன அழுத்தத்துக்குக் கிலோவும் இல்லை, லிட்டரும் இல்லை. அளவுகோலை நாமேதான் நட வேண்டும். இரண்டு வழி. ஒன்று, தடயங்களில் ஒரு கேள்வியைத் தேர்ந்து அதன் அலகைக் கடன் வாங்குவது. இன்னொன்று, உள்ளுறை மாறியின் திட்ட விலக்கம் 1 என்று வைத்துவிடுவது. இரண்டாவதைச் செய்தால் தரப்படுத்துதல் மாடலுக்குள்ளேயே வந்துவிடுகிறது. ‘அலகோடு உள்ள எண்ணைக் கொடு’ என்று டுகி மாதிரி கேட்டால், ‘எந்த அலகு?’ என்று மாடல் திருப்பிக் கேட்கும். அந்த வகையில் இங்கே தரப்படுத்திய கெழுவுக்கு நியாயம் அதிகம். ஆபத்தும் அதிகம்.

குறிப்பாக மூன்று இடத்தில்.

முதலாவது, தரப்படுத்திய கெழு 1-ஐத் தாண்டாது என்ற நம்பிக்கை. தாண்டினால் மாடல் தப்பு என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். இந்தக் கேள்வி ஓயாமல் வந்ததால் 1999-இல் யோரெஸ்காக்கே ஒரு சின்னக் குறிப்பு எழுதினார்: தாண்டலாம். கெழு என்பது ஒட்டுறவு அல்ல. இரண்டு காரணங்களுக்கு இடையே ஒட்டுறவு 0.9, விளைவோடு அவற்றின் ஒட்டுறவு 0.8, 0.6 என்று வைத்துக் கணக்குப் போட்டால் கெழுக்கள் 1.37-உம் மைனஸ் 0.63-உம் வரும். கணக்கில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் அந்த 1.37-ஐ ‘மிகப் பலமான காரணம்’ என்று படிக்கக் கூடாது. இரண்டு காரணமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே நகர்வதால் யார் பங்கு எவ்வளவு என்று பிரிக்கத் தரவு தடுமாறுகிறது என்பதன் அடையாளமாக அது இருக்கலாம்.

இரண்டாவது, எதை வைத்துத் தரப்படுத்தினோம் என்பது. லிஸ்ரலில் இரண்டு வகை விடை உண்டு. இன்று பலர் பயன்படுத்தும் லவான் நிரலிலும் தனித்தனி நெடுவரிசைகள். ஒன்றில் உள்ளுறை மாறிகளை மட்டும் தரப்படுத்தியிருக்கும், இன்னொன்றில் எல்லாவற்றையும். மாடலில் ஆண்/பெண், மருந்து கொடுத்தது/கொடுக்காதது என்று ஒரு மாறி இருந்தால் எல்லாவற்றையும் தரப்படுத்திய எண்ணுக்கு அர்த்தம் சொல்வது கஷ்டம். ‘பாலினம் ஒரு திட்ட விலக்கம் கூடினால்’ என்ற வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாலே போதும்.

மூன்றாவதுதான் பெரியது: இரண்டு குழுக்களை ஒப்பிடுவது. ஆண்களுக்குத் தனி மாடல், பெண்களுக்குத் தனி மாடல், இரண்டிலும் திட்ட விலக்கம் 1. மன அழுத்தத்திலிருந்து உடல்நலத்துக்குப் போகும் கெழு ஆண்களுக்கு 0.5, பெண்களுக்கு 0.3 என்று வந்தால், ‘பெண்கள் அழுத்தத்தை நன்றாகச் சமாளிக்கிறார்கள்’ என்று தலைப்புச் செய்தி வந்துவிடும். ஆனால் அந்த ஆய்வில் உள்ள பெண்களில் ஏறக்குறைய எல்லோருமே ஒரே அளவு அழுத்தத்தில் இருந்தாலும் 0.3 வரும். இரண்டு குழுவுக்கும் இரண்டு வேறு முழக்கோலை வைத்து அளந்துவிட்டு, இரண்டிலும் ‘ஒரு முழம்’ என்று எழுதியதுதான் நடந்தது. 1971-இலேயே யோரெஸ்காக் பல குழுக்களை ஒரே நேரத்தில் ஆராயும் முறையைக் கொடுத்திருந்தார்: முதலில் தடயக் கேள்விகள் இரண்டு குழுவிலும் ஒரே மாதிரி வேலை செய்கின்றனவா என்று சோதி, பிறகு பொதுவான ஓர் அளவுகோலில் வைத்து, தரப்படுத்தாத கெழுக்களை ஒப்பிடு. வேலை கொஞ்சம் அதிகம்தான்.

தரப்படுத்திய கெழு பொய் சொல்வதில்லை. ஒரு கூட்டத்துக்குள், இன்றைய நிலையில், எது எதோடு சேர்ந்து எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று கேட்டால் சரியாகவே சொல்லும். எந்தக் கூட்டம் என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லாது. அதனால் ‘சூழலின் பங்கு இவ்வளவு’, ‘படிப்பின் பங்கு இவ்வளவு’ என்று எங்கே பார்த்தாலும், அந்த அட்டவணையில் திட்ட விலக்கங்களுக்கு ஒரு நெடுவரிசை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நாமே பெருக்கி அலகுக்குத் திரும்பிவிடலாம், பர்க்ஸ் 17 சதவீதத்திலிருந்து 20 புள்ளிக்குப் போன மாதிரி. இல்லாவிட்டால், யாரையெல்லாம் சேர்த்து, யாரையெல்லாம் வெளியே நிறுத்தி இதை அளந்தீர்கள் என்று எழுதியவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது.